புலம்பலுக்குக் குரல் தேடியது

பாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் குரலுக்குப் பொருந்தாத பாட்டைத்தான் பாடுகிறார்கள். இதை முகத்துக்கு நேரே சொல்லியதால் என்னோடு கதைப்பதை விட்டவர்கள் பலர். பாட்டு நன்றாயிருக்கிறதே என்று பாடுவதும், சட்டை வடிவாயிருக்கிறதே என்று அளவு பாராமல் போட்டுக்கொள்வதும் ஒன்றுதான். கக்கத்தில் பிடிக்கும், கழுத்தில் இறுக்கும். பார்க்கிறவருக்குத்தான் சங்கடம், போட்டவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இது சின்ன வயதிலேயே விளங்கிவிட்டது. ஏனென்றால் எனக்கு விருப்பமான பாட்டு ஒன்றுகூட என் தொண்டைக்குச் சரிவரவில்லை.

என் குரல் மெல்லியது. மேலே போகும், கீழே இறங்காது. ஆர்மோனியத்தில் சுதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டில் நிற்பார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில். நான் ஆறு. அதற்குக் கீழே கேட்டால் என்னிடமிருந்து காற்றுத்தான் வரும். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, பாடும் துள்ளல் பாட்டுகளுக்கு இந்தக் குரல் காணும். ஆனால் எனக்கு ஆசையெல்லாம் அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும் கனத்த பாட்டுகள்மேல். அவற்றை என் வாயில் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும்.

அதனால்தானோ என்னவோ, மற்றவர்களின் குரலைப் பிடித்துக்கொண்டேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்த எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவை நடத்தியது நான்தான். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, கலியாணம் ஆகவில்லை, நிறைய வாய் இருந்தது. ஒருவர் பாட வந்தால் நான் முதலில் பாடச் சொல்ல மாட்டேன். கதைக்க விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். கதைக்கிற குரலில்தான் ஒருவருடைய சுதி இருக்கிறது. பாட என்று வாயைத் திறந்தவுடன் எல்லாரும் வேறு யாரோ ஆகிவிடுகிறார்கள். உப்புக் கேட்கிற குரலிலேயே ஆளின் கட்டையைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். அது முழுப்பொய்யும் இல்லை.

வலை பொத்துகிற ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். றேடியோவில் கேட்ட உச்சத்துப் பாட்டுகளைத்தான் பாடுவேன் என்று அடம்பிடிப்பார். நரம்பு புடைக்கும், கண் பிதுங்கும், முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நான் அவரை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, மெல்லப் போகும் காணிக்கைப் பாட்டு ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு கிழமை என்னோடு முகம் முறித்தார். பாடிய ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார், பாடுவது யார் என்று. அன்றைக்கு எனக்கு வந்த தலைக்கனம் பல வருடம் இறங்கவில்லை.

பிறகு ஊர் இல்லாமல் போனது. ஷெல் கோயில் வளவுக்குள் விழுந்த அன்று எல்லாரும் வெளிக்கிட்டோம். நான் ஆர்மோனியத்தைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினேன். "சனம் உயிரைக் கொண்டு ஓடுது, இவள் பெட்டியைக் கொண்டு ஓடுறாள்" என்று அப்பா வழி நெடுகிலும் ஏசிக்கொண்டு வந்தார். ஏசினாலும் மேட்டில் சைக்கிளைத் தள்ளித் தந்தது அவர்தான். இரண்டு மூன்று இடத்தில் இருந்து எழும்பி, கடைசியில் மாங்குளத்துக்குப் போகிற பாதையில் ஒரு காட்டுத்துண்டில் கொட்டில் போட்டோம்.

அங்கே கடற்கரையின் பல ஊர்ச் சனங்களும் கலந்து கிடந்தோம். கடலைத் தவிர ஒன்றும் தெரியாத ஆண்கள், பக்கத்துக் குடியேற்றத்திட்ட வயல்களில் மண்வெட்டி பிடித்துக் கை பொக்களித்துத் திரிந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் மலேரியாவில் கிடந்தார். தென்னங்கிடுகால் ஒரு கோயில் கட்டினோம். ஊரிலிருந்து உழவு இயந்திரத்தில் கொண்டுவந்த ஆண்டவரின் மரச் சுரூபத்தில் ஒரு கை முறிந்திருந்தது. அதை யாரோ மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் வரிந்து கட்டியிருந்தார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை மாலையில் அந்தச் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, ஆசந்தி என்று நாங்கள் சொல்லும் பாடையில் நீட்டி வளர்த்துவோம். அதன்பிறகு மாதாவின் புலம்பல். செத்த மகனின் தலைமாட்டில் இருந்து, தாய் அவனுடைய கையையும் காலையும் கேட்டுக் கேட்டு அழுகிற பாட்டு. ஒருவர்தான் பாடுவார், வாத்தியம் கிடையாது, சுதி மட்டும் பிடிக்கலாம். அது கீழ்க்குரலுக்கென்றே பிறந்த பாட்டு. தொடங்குகிற இடமே ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து அரை மணித்தியாலம் ஏறி, திரும்பவும் அந்த ஆழத்துக்கே வந்து படுத்துவிடும்.

எங்கள் கரையில் அதற்கு ஒரு வழமை இருந்தது. பிள்ளை பெற்றவள் அதைப் பாடமாட்டாள். கலியாணமாகாத பெண்தான் பாட வேண்டும். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. மகனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற ஒருத்தி, செத்த மகனே என்று தன் வாயால் எப்படிச் சொல்வாள்? அவ்வளவுதான் காரணம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

ஊரில் அதைப் பாடிவந்த பெட்டை இயக்கத்துக்குப் போய்விட்டாள். அடுத்த இரண்டு வருடமும் வேறு ஆள் இல்லாமல் நானே பாடினேன். ஆறு கட்டையில் மாதா புலம்பினால் எப்படியிருக்கும்? பால் கேட்கிற பூனைக்குட்டி மாதிரி இருந்தது. சனம் பொறுமையாக இருந்தது, அது அதைவிட வெட்கம். மூன்றாவது வருடம் இந்தப் பாட்டை அதற்கேற்ற குரலில் கேட்காமல் விடுவதில்லை என்று, பெரிய வெள்ளிக்கு முந்திய தபசுகாலம் தொடங்கும்போதே முடிவெடுத்தேன். சுற்றிவரக் குண்டு விழுகிறது, அரைவயிற்றுக் கஞ்சி, எனக்கு வந்த கவலையைப் பாருங்கள். ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்த நாட்களில் என் கைக்கு எட்டிய விஷயம் அது ஒன்றுதான்.

அந்தக் குரலைக் கிணற்றடியில் கண்டுபிடித்தேன். தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறேன். பின்னால் ஒரு குரல், "வாளியை உதில வை பிள்ளை, கால் வழுக்கும்" என்றது. நான் திரும்பினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மெலிந்த ஆள். அந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கரகரப்பில்லை, ஆண்குரலுமில்லை, தடித்து, அடியில் ஈரமாக இருந்தது. வாளியை அங்கேயே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடி ஆர்மோனியத்தைத் திறந்து, காதில் நின்ற சத்தத்தை ஒவ்வொரு கட்டையாக வைத்துப் பார்த்தேன். மூன்று. புலம்பல் கேட்கிற அதே மூன்று.

விசாரித்தேன். எங்கள் ஊருக்கு வடக்கே இருந்த இன்னொரு கரை ஊர். புருஷன் முன்பே செத்துவிட்டார். மருமகளோடும் நாலு வயதுப் பேத்தியோடும் கொட்டிலில் இருக்கிறார். ஒரே மகன், அந்த மருமகளின் புருஷன், ஒரு விடியற்காலை கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மூன்று வருடம். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. நேவி சுட்டது என்றார்கள். காற்றில் அள்ளுண்டு இந்தியாவுக்குப் போயிருப்பான் என்றும் சொன்னார்கள். அப்படிப் போய், அங்கே முகாமில் இருந்து இரண்டு வருடம் கழித்துக் கடிதம் போட்டவர்களும் இருந்தார்கள்தான். அவன் வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வருவான் என்று யாரும் இதை வாசிக்க வேண்டாம்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் போனேன். "அம்மா, பெரிய வெள்ளிக்குப் புலம்பல் நீங்கள்தான் பாட வேணும்" என்றேன்.

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான் பிள்ளை பெத்தவள்."

"இஞ்ச அந்த வழமையெல்லாம் ஆர் பாக்கினம் அம்மா? ஊரே இல்லை."

"ஊர் இல்லாட்டி என்ன? அவன் இருக்கிறான் தானே."

அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். புதிதாக வந்திருந்த பங்குச் சுவாமிக்கு எங்கள் வழமை தெரியாது. ஊரிலிருந்திருந்தால் கிழவிகள் என்னைக் கிழித்திருப்பார்கள். அந்தக் கிழவிகள் ஆளுக்கொரு காட்டில் இருந்தார்கள். என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. அந்த அம்மா தடுத்தார், நான் கேட்கவில்லை. வீட்டில் பாட்டென்று ஒன்றும் பாடுவதில்லையா என்று கேட்டேன். மகன் இருக்கும்போது வலை இழுக்கிற பாட்டு எல்லாம் பாடுவாராம், அவன் வந்தபிறகு பாடலாம் என்று இருக்கிறாராம். அதைக் கேட்டதும் என் மூளையில் ஒன்று உதித்தது. உதித்த உடனேயே அது அசிங்கம் என்றும் தெரிந்தது.

"அம்மா, நேத்தி வைச்சுப் பாடுங்கோ" என்றேன். "மாதா மகனைப் பறிகுடுத்தவா. உங்கட மனம் அவாக்குத்தான் விளங்கும். அவான்ர துக்கத்தை நீங்கள் உங்கட வாயால பாடிக் குடுத்தால், உங்கட மகனை அவா உங்களிட்டைக் கொண்டுவந்து விடமாட்டாவே?"

அவர் கை நின்றது. சுளகில் அரிசி ஒரு பக்கமாகச் சரிந்தது. என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்கு அந்த நேர்த்தியில் துளி நம்பிக்கை இல்லை. எனக்குத் தேவை மூன்றாம் கட்டை.

"வருவான் எண்டு சொல்லுறியோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. வருவான்" என்றேன்.

அவர் சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை. நேர்த்தியை முன்கூட்டி வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. "மருமேளுக்கும் சொல்லாதை" என்றார். "அவன் வந்து நிக்கேக்க நானே சொல்லுவன்." நான் தலையாட்டினேன். என் மனம் அதற்குள் பாட்டின் முதல் அடிக்குப் போய்விட்டது.

மருமகள் பகலில் வயலுக்குக் களை பிடுங்கப் போய்விடுவாள். அந்த நேரம் பார்த்துக் கோயில் கூட்டப் போகிறேன் என்று பேத்தியையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வருவார். மூன்று கிழமை பாட்டைப் பழகினோம். சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. சின்ன வயதில் கேட்ட பாட்டு, சொல் முழுக்க அவருக்குப் பாடம். ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து, சைக்கிள் ரியூப் ஒட்டியிருந்தது. அமுக்கினால் அது வேறு பெருமூச்சு விடும். இரண்டு தரம் கிபிர் விமானம் வந்து, பாட்டைப் பாதியில் விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் விழுந்தோம். பங்கருக்குள் இருட்டில் குந்தியிருந்தபடி அவர் விட்ட இடத்தை வாய்க்குள் முணுமுணுப்பார். சுதி அசையாது. குண்டு விழுகிறது, நான் இருட்டுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பெரிய வெள்ளி வந்தது. பொழுது சாய்கிற நேரம். கிடுகுக் கோயில் கொள்ளாமல் சனம் வெளியேயும் நின்றது. சுரூபத்தை இறக்கி வளர்த்தினார்கள். அந்த அம்மா வெள்ளைச் சேலையால் முக்காடிட்டுக்கொண்டு போய்த் தலைமாட்டில் இருந்தார். நான் மூன்றாம் கட்டையை அமுக்கிப் பிடித்தேன். யார் இது என்று பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளை பெற்றவள் என்று தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பிறகு பாடினார். மகனே என்று தொடங்கும் முதல் சொல்லிலேயே முணுமுணுப்பு நின்றது. நான் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. தங்கூசியால் கட்டிய அந்த மரக்கையைத் தன் கைக்குள் வைத்திருந்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பாடினார். யாரோ வருவதைப் பார்க்கிற பார்வை. எனக்குத்தான் அது விளங்கும். மற்றவர்களுக்கு அது, செத்துப்போன தன் மகனுக்குத் தாய் கடைசியாக வாய்விட்டு அழுகிறாள் என்றுதான் இருந்தது. பிள்ளையைப் புதைத்த பெண்கள் முழங்காலில் ஊர்ந்து முன்னுக்கு வந்தார்கள். ஒருத்தி தன் மகனின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். சுவாமி முகத்தை மூடிக்கொண்டார்.

பாதிப் பாட்டில் மருமகள் எழும்பிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கண்டேன். பிள்ளைக்குப் புழுக்கமாக்கும் என்று நினைத்தேன். கடைசி அடியில் குரல் அந்த ஆழத்துக்குத் திரும்புமா, இல்லையா என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது. திரும்பியது. ஓர் இழை விலகவில்லை. நான் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, குரலுக்கேற்ற பாட்டைக் கொடுத்துவிட்டேன் என்று கண்ணீரோடு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அந்த அம்மா எங்கள் கொட்டிலுக்கு வந்தார். பாராட்டுக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து நான் எழும்பி நின்றேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே தாலி.

"கழட்டி என்ர கையில தந்திட்டாள் பிள்ளை" என்றார். "மூண்டு வருஷம் ஆர் சொல்லியும் கழட்டாதவள். 'மாமி, நீங்களே பாடினாப்பிறகு நான் ஆருக்கு எண்டு இதைப் போட்டுக்கொண்டு இருக்கிறது' எண்டு கேக்கிறாள். நீங்கள் பாடேல்லை எண்ட ஒண்டுக்காகத்தான் இவ்வளவு நாளும் நம்பினனான் எண்டு சொல்லுறாள்."

"நான் போய்ச் சொல்லுறன் அம்மா. நேத்தி எண்டு சொல்லுறன்."

"சொன்னால் நேத்தி போயிடும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"அவன் வரட்டும். அவனே திரும்பக் கட்டி விடட்டும்" என்று சொல்லித் தாலியைத் திரும்ப முடிந்துகொண்டார்.

நேர்த்தி என்று நான் சொன்னதே உங்களைப் பாட வைக்கத்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மருமகளுக்கு உண்மை தெரியும், தாலி கழுத்துக்குத் திரும்பும், ஆனால் இந்தத் தாயிடம் ஒன்றும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் தாயின் நம்பிக்கை நிற்கும், மருமகளுடையது போய்விடும். ஒருத்தியின் நம்பிக்கையை எடுத்துத்தான் மற்றவளுக்குக் கொடுக்கலாம் என்று ஆக்கி வைத்திருந்தேன். நான் கோழை. வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு ஒரே கொட்டிலில் இருவரும் இரண்டு வேறு மனிதரோடு வாழ்ந்தார்கள். தாய்க்கு இருக்கிற மகன், மருமகளுக்குச் செத்த புருஷன். சண்டை இல்லை, அதுதான் பார்க்கப் பயம். மருமகள் அழுது முடித்துவிட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது, வயலுக்குப் போகிற பெண்களோடு இரண்டொரு சொல் கதைக்கவும் தொடங்கினாள். மழைக்கு முன், பெண்சாதியை ஷெல்லில் பறிகொடுத்த ஒருவர், எங்கள் சனம்தான், அவளைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவளுக்கு இருபத்தேழு வயது. அவள் சுவாமியிடம் போனாள். உடல் காணாத இடத்தில் நான் என்ன செய்வது என்றார் சுவாமி. மறுகலியாணத்துக்கு மேலிடத்துக்கு எழுத வேண்டும், அதற்கு அவனைப் பெற்றவள் வாயால் அவன் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார்.

அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, மாமியிட்டை நான் எப்பிடிக் கேக்கிறது?" என்றாள். "அவா பாடி அழுததோட முடிஞ்சுதெண்டு நினைச்சன். பிறகு பாத்தால், பின்னேரத்தில வாசல்ல இருந்து ஒழுங்கையையே பாத்துக்கொண்டு இருக்கிறா. கேட்டால் ஒண்டும் சொல்லுறா இல்லை. எனக்கு விசர் பிடிக்கப் பாக்குது அக்கா."

நான் அவள் கையைப் பிடித்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

"நவம்பர் செபத்துக்குப் பேர் எழுதுறீங்கள் தானே" என்றாள். "அவற்ற பேரையும் எழுதுங்கோ."

நவம்பரில் செத்தவர்களுக்கான பூசையில், அந்தந்தக் குடும்பம் கொடுத்த பெயர்களை வாசிப்பது எங்களிடம் உண்டு. கொப்பியில் பெயர்களை எழுதுவதும் வாசிப்பதும் என் வேலை. ஒவ்வொரு பெயருக்கும் நான் செபத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க, சனம் அந்த ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி கேட்டு முடிக்கும். அவள் எதிரிலேயே பெயரை எழுதினேன். வாசிக்கும்போது விட்டுவிடலாம் என்று எனக்குள் ஒரு கள்ளத்தனம்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குப் போக முடியாமல் கோயிலுக்குள்ளேயே பூசை. கிடுகு ஒழுகி, தரை சேறாகி, சனம் குந்தியும் நின்றும் இருந்தது. அந்த வருடம் கொப்பியில் நாலு பக்கம். பாதிப் பேர் என்னைவிட இளையவர்கள். வாசித்துக்கொண்டே போனேன். அவன் பெயருக்கு முந்திய பெயரை வாசித்தேன், சனம் செபம் சொன்னது. அடுத்த வரியைத் தாண்டி அதற்கடுத்த பெயரை வாசித்தேன்.

மருமகள் தலையை நிமிர்த்தினாள். பெயர்கள் எந்த ஒழுங்கில் இருந்தன என்பது அவளுக்குத் தெரியும், எழுதும்போது பக்கத்தில் நின்றவள். என்னைப் பார்த்தாள். கோபமில்லை. இனி எனக்கு வழியே இல்லையா என்று கேட்கிற பார்வை. பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். முதுகு மட்டும் குலுங்கியது. பக்கத்திலிருந்த அந்த அம்மா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இன்னும் மூன்று பெயர் வாசித்திருப்பேன். அந்த அம்மா எழும்பி நின்றார். தகப்பன் பெயரை முதலில் சொல்லி, மகன் பெயரைச் சொன்னார். பாடவில்லை, அழவில்லை, கிணற்றடியில் வாளியை உதில வை என்று சொன்ன அதே கதைக்கிற குரல். மழைச்சத்தத்துக்கு மேலாகக் கோயில் முழுக்கக் கேட்டது.

முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான். கொப்பியில் நான் தாண்டிப்போன அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் மருமகள்தான், பிள்ளையின் தலையிலிருந்து முகத்தை எடுக்காமலே, அந்தச் செபத்தைத் தொடங்கினாள். எல்லாரும் சேர்ந்து முடித்தார்கள். அந்த அம்மா சேற்றிலேயே குந்தி, மருமகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து சனம் கலைந்தபிறகு நான் கொப்பியோடு ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் வந்தார்.

"அந்த நேத்தியை இனி ஒளிக்கத் தேவையில்லைப் பிள்ளை" என்றார். "ஆருக்கெண்டாலும் சொல்லு."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. ஏழு மாதம் பிந்தி. "அம்மா, அது பொய். உங்களைப் பாட வைக்கத்தான் அப்பிடிச் சொன்னனான். வருவான் எண்டு நான் நினைக்கவே இல்லை" என்று சொல்லி அழுதேன்.

"தெரியும்" என்றார். "அண்டைக்கே உன்ர முகத்தில தெரிஞ்சது."

"பிறகு ஏன் அம்மா பாடினீங்கள்?"

அவர் ஈரச் சேலையைப் பிழிந்து உதறினார். வாசலில் மருமகள் பிள்ளையோடு நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டு வருஷத்தில, அவன் வருவான் எண்டு என்னட்டைச் சொன்னது நீ ஒருத்திதான் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.